கஷ்ட வருஷத்தில் ஒரு மிஷனெரி வீடு: புதிதாகப் பணித்தளம் வரும் தங்கைகளுக்கு

எல்லா மிஷனெரிக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு வருஷம் வரும். காய்ச்சல், காசு, பிள்ளையின் படிப்பு, ஊரில் ஒரு சாவு என்று ஒன்று போனதும் அடுத்தது வந்து நிற்கும். பயிற்சி மையத்தில் மொழி கற்றுக்கொடுப்பார்கள், பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுப்பார்கள். அந்த வருஷத்தை வீட்டுக்குள் எப்படிக் கடப்பது என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. கல்யாணமாகி நேராகத் தளத்துக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, என்ன செய்யலாம்?" என்று போனில் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரி. வீட்டுக்காரரோடு ஜார்க்கண்டில், சாகிப்கஞ்ச் மாவட்டத்து ராஜ்மகால் மலையில், பஹாடியா பழங்குடி மக்கள் நடுவே இருக்கிறேன். எங்களுக்கு அந்த வருஷம் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் ரயில்கள் நின்றதோடு தொடங்கி, அடுத்த கோடை வரை இழுத்தது. மகள் அங்கே ஊரில் ஆச்சி வீட்டில், மகன் எங்களோடு மலையில்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தைக் காப்பது என்றால் முகத்தைத் தைரியமாக வைத்துக்கொள்வது என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்" என்று வாய் தானாகச் சொல்லும். கஷ்ட வருஷத்தில் இந்தப் பதில் வீட்டுக்கே ஆகாது. ஆண்டவரிடமும் பிள்ளையிடமும், ஜெபத்தாலும் காசாலும் நம்மைத் தாங்குகிறவர்களிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகுங்கள். கீழே வருகிற எல்லாமே இதில்தான் வந்து முடியும்.

காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தம் பாருங்கள்

ஜெபம் பண்ணிவிட்டுப் போவோமா, போய்விட்டு ஜெபம் பண்ணுவோமா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். போகும்போதே பண்ணலாம். இந்த மலையில் காய்ச்சல் என்றால் மலேரியாவாக இருக்கக்கூடும் என்று நினைத்தே நடக்க வேண்டும். பால்சிபாரம் வகை ஒரே நாளில் பிள்ளையைப் புரட்டிப் போட்டுவிடும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவை ஜார்க்கண்டில் சஹியா என்பார்கள், தீதி என்றால் அக்கா. உங்கள் கிராமத்து சஹியா தீதி யார், எந்த வீட்டில் இருக்கிறார், அவரிடம் பரிசோதனை அட்டை இருப்பு இருக்கிறதா, இந்த மூன்றும் தளத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மகனுக்கு ஜூலை மழையில் வந்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் தந்தியடித்தது. அப்புறம் வேர்த்துக் கொட்டி, "அம்மா, சுவர் நகருது" என்று பிதற்ற ஆரம்பித்தான். சஹியா தீதி தலையில் பாலிதீன் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சேற்றில் ஏறி வந்து விரலில் குத்தினார். ரத்தச் சொட்டை அட்டையில் விட்டு, மருந்துத் துளியைச் சேர்த்து, கோடு எழும்புகிறதா என்று நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எழும்பியது, மலேரியாதான். அந்தக் கால் மணி நேரத்தில் நான் பண்ணிய ஜெபம், "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்கு மேல் போகவில்லை.

பால்சிபாரத்துக்குக் கொடுக்கிற கூட்டு மாத்திரையை மூன்று நாளும் முழுசாகப் போட வேண்டும். முதல் நாளே காய்ச்சல் இறங்கிவிடும், பிள்ளை ஓடி விளையாடுவான், நீங்கள் மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவீர்கள். வைக்காதீர்கள். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் கொடுப்பார்கள். அதை மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது, கர்ப்பிணிகள் போடவே கூடாது. காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்து, வயிற்றில் மண்ணீரல் கல்லாகத் தட்டுப்பட்டால் காலா அசார் பரிசோதனை கேளுங்கள். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா நான்கும் அந்த நோய் உள்ள மாவட்டங்கள். அதைப் பரப்புவது கொசு அல்ல, மணல் ஈ. மண்சுவர் வெடிப்புக்குள் இருக்கும். வெடிப்பைப் பூசி வையுங்கள், மருந்து அடிக்க வருகிறவர்களை உள்ளறை வரை விடுங்கள்.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றும் அவர்தான் எழுதினார். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் தூங்கினார். இரவெல்லாம் பிள்ளைக்குக் காவல் இருந்தவள் விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்திருக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

குடும்ப ஜெபத்தைச் சுருக்குங்கள், ஆனால் விடாதீர்கள்

நல்ல காலத்தில் எங்கள் வீட்டில் பாமாலைப் பாட்டு, வேத வாசிப்பு, விளக்கம், ஒவ்வொருவராக ஜெபம் என்று முக்கால் மணி ஓடும். கஷ்ட வருஷத்தில் இதைத் தாங்க முடியாது. பத்து நிமிஷம் போதும். ராத்திரி சாப்பாட்டுத் தட்டு கழுவும் முன்பே, அதே பாயில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். தட்டைக் கழுவப் போனால் திரும்ப யாரும் கூட மாட்டார்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒரு சங்கீதம், வரிசையாக, எதையும் தாண்டாமல். அப்புறம் ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த உண்மையான ஒரு விஷயத்தை ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, அழகாக இருக்க வேண்டியதில்லை. "எனக்குக் கோபமா இருக்கு" என்று மகன் சொல்வான், ஆமென். "மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு" என்பேன், ஆமென். கடைசியில் பரமண்டல ஜெபம். பேச வார்த்தையே வராத நாளில் பரமண்டல ஜெபம் மட்டும்.

சங்கீதத்தை வரிசையாகப் படியுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாமாகத் தேர்ந்தெடுத்தால் 23, 91, 121 என்று அங்கேயே சுற்றுவோம். வரிசையாகப் போனால் 13 வரும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்பது பிள்ளைகள் காதில் விழும். 88 வரும். அது கடைசி வரை விடியாத சங்கீதம், முடியும்போதும் இருட்டுத்தான். அதைப் படித்த ராத்திரி, "இதுவும் பைபிள்ல இருக்கா?" என்று மகன் கேட்டான். இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவனுடைய ஜெபம் மாறிவிட்டது. "ஆண்டவரே, உம்ம பேச்சுக் கேட்டுத்தான் இங்க வந்தோம்" என்று நேருக்கு நேர் பேச ஆரம்பித்தான்.

வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நம் எல்லோருக்கும் வருஷ வாக்குத்தத்தம் கிடைக்கும். அட்டையைச் சுவரில் ஒட்டுவோம். வருஷம் கெட்டுப்போனால் அந்த அட்டையே நம்மைக் குத்திக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் 2020க்கு வந்தது சங்கீதம் 91: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." ஏப்ரலில் மகள் போனில் கேட்டாள்: "வாதை அணுகாதுன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கும்மா நான் இங்கயும் நீங்க அங்கயும் இருக்கோம்?"

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன செய்யலாம் என்றால், முதலில் பதிலைச் சமைக்காதீர்கள். "எனக்கும் தெரியலடா" என்று சொல்லுங்கள். அடுத்து, அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் முழு அதிகாரத்தையும் சேர்ந்து படியுங்கள். நாங்கள் படித்தபோது 15ஆம் வசனத்தில், "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று வந்தது. ஆபத்தே வராது என்றால் அந்த வரிக்கு வேலை இல்லையே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இயேசுவை தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது சாத்தான் எடுத்துக் காட்டியதும் இதே 91தான். அதை மகளே ஓய்வுநாள் பள்ளி நினைவிலிருந்து எடுத்துச் சொன்னாள். அட்டையைக் கழற்றவில்லை. ஆனால் அதைத் தாயத்துப்போல வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டோம். என் சொந்த அபிப்பிராயம், ஒரு வசனத்தை வெட்டி எடுத்து பொன்னெழுத்தில் அச்சடிப்பதைவிட, ஒரு முழு சங்கீதத்தை வருஷத்துக்குக் கொடுத்தால் நம் சபைகளுக்கு நல்லது. ஆயர்மார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

காசு

கோயில்கள் மாதக்கணக்கில் பூட்டியிருந்தபோது காணிக்கைப் பெட்டியும் பூட்டித்தான் இருந்தது. அலவன்ஸ் தள்ளித் தள்ளி, துண்டு துண்டாக வந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நோட்டுப் போட்டு, வரவு செலவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். கணவர் தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் மனைவியிடம் சொல்கிற வீட்டில் மனைவிக்கு ராத்திரி தூக்கம் வராது. கர்த்தர் பார்த்துக்கொள்வார்தான், நானும் நோட்டைப் பார்க்கிறேனே!

ஊழியப் பணத்தில் கை வைக்க வேண்டாம், திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தும் வேண்டாம். ஹாட் என்கிற வாரச்சந்தையில் கடைக்காரரிடம் கடன் சொல்வதாக இருந்தால், எந்த மாதம் தருவோம் என்று நேராகச் சொல்லிவிட்டு வாங்குங்கள். தசமபாகம் எடுக்க முடியவில்லை என்றால் அதையும் நோட்டிலேயே எழுதி வையுங்கள். நாங்கள் அந்த மாதங்களில் கைப்பிடி அரிசி எடுத்தோம். எங்கள் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள், மாதக் கடைசியில் அது ஊழியத்துக்குப் போகும். இங்கே அந்தப் பானை, ஆள் இல்லாமல் தனியாக இருந்த ஒரு தாத்தாவுக்குப் போயிற்று.

ஜெபக் கடிதம் எழுதுவது

1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று தீர்மானித்துத்தான் தொடங்கினார்கள். இன்றைக்கும் நம்மைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற டீச்சர், பீடி சுற்றுகிற அக்கா, பனையேறியின் குடும்பம். அவர்கள் வயிற்றைக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும்.

"பிசாசின் போராட்டங்கள் மத்தியிலும் கர்த்தர் அதிசயமாய் நடத்தி வருகிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் வாசிக்கிறவர் எதற்காக ஜெபிப்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "ஜூலையில் மகனுக்கு மலேரியா. தேறிவிட்டான், ரத்தசோகை இன்னும் இருக்கிறது. மருந்துக் கடையில் பாக்கி உண்டு. மாலைக் கூடுகை நின்றுபோயிருக்கிறது. மகளைப் பார்த்து வெகுநாள் ஆகிறது, சில ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்து அப்படியே தூங்கிவிடுகிறேன்." நான் இப்படி எழுதிய கடிதத்துக்குத்தான் அதிகம் பதில் வந்தது. ஒரு பாட்டி, தன் பேத்தியைக் கொண்டு எழுதுவித்து, "நானும் அப்படித்தான் தூங்கிவிடுகிறேன் மகளே" என்று அனுப்பியிருந்தார்.

இன்னொன்று. நாம் நடுவில் வாழ்கிற மக்களைப் பற்றி, அவர்கள் அந்தக் கடிதத்தை வாசித்தால் தலைகுனியாத மாதிரி எழுதுங்கள். "இருளில் வாழும் ஜனங்கள்" என்று எழுதிவிட்டு, அவர்கள் வீட்டு பர்பட்டி என்கிற காராமணிப் பயறைச் சமைத்துச் சாப்பிடுவது எப்படிச் சரியாகும்? பெயர், முகம், படம் அவர்களைக் கேட்காமல் போடக்கூடாது.

தூரத்தில் இருக்கும் பிள்ளை

போனில் பேசும்போது, நன்றாகப் படி, ஜெபம் பண்ணு, ஆச்சி சொன்னபடி கேள் என்று அடுக்காதீர்கள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேளுங்கள். அழுதால் அழவிடுங்கள், "ஊழியக்காரர் பிள்ளை அழக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்து, பெரியவர்களானதும் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், தவறாமல் கூப்பிடுங்கள். சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதையும் முன்னாடியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும்.

ஊரில் சாவு

அந்த ஆகஸ்டில் என் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள். போக வழியில்லை. எங்கள் மலையில் பாறை மேட்டுக்கு ஏறினால்தான் நெட் வரும். கொழுந்தன் வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார். மழைத் தூறல். ஆயர் மண் தூவுகிற நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. என் வீட்டுக்காரர் போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றார். பக்கத்து வீட்டுப் பஹாடியாப் பெரியம்மா ஏதும் கேட்காமல் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே நாலைந்து பேர் ஏறி வந்து பாறையில் உட்கார்ந்தார்கள்.

இப்படி நேர்ந்தால், ஊரில் அடக்க ஆராதனை நடக்கும் அதே நேரத்தில் தளத்திலும் ஓர் ஆராதனை வையுங்கள், இரண்டு பேர் இருந்தாலும் சரி. போனவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுங்கள். அன்றைக்கு அடுப்பு மூட்டாதீர்கள், அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதைச் சாப்பிடுங்கள். எங்களுக்கு மக்காச்சோளக் கஞ்சி வந்தது. கொடுக்க வந்தவர்கள் நாம் என்ற நினைப்பில் சிலர் வாங்க மாட்டார்கள். வாங்குங்கள், சபையில் ஐக்கியம் என்று பிரசங்கிப்பது இதைத்தானே? அப்புறம் எப்போது ஊருக்குப் போக முடிகிறதோ, ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போங்கள்.

புகார், விசாரணை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டாயத்தாலும் ஆசைகாட்டியும் மதம் மாற்றுவதைத் தடுக்கிற மதச் சுதந்திரச் சட்டம் ஜார்க்கண்டில் 2017 முதல் இருக்கிறது. அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல், ஸ்தாபனத்தின் கடிதம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். யாராவது புகார் கொடுத்தால் அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாம்.

கணவன், மனைவி

நம் மிஷனெரி கதைகளில் வில்லியம் கேரியைப் பற்றி நிறைய உண்டு, அவர் மனைவி டாரதியைப் பற்றி அரைப் பக்கம்தான். வர மாட்டேன் என்று முதலில் மறுத்தவர், 1793ல் கணவரோடு வங்காளம் வந்தார். மறு வருஷமே மட்னாபாட்டியில் ஐந்து வயது மகன் பீட்டர் ரத்தபேதியில் போனான். குழி வெட்ட ஆள் கிடைப்பதே பாடாகிவிட்டது. அந்த இடம் எங்களுக்குக் கங்கைக்கு அக்கரையில், மால்டா பக்கம்தான். டாரதிக்கு மனம் பேதலித்தது, தேறவே இல்லை. 1807ல் செராம்பூரில் இறந்தார். கேரியின் வேத மொழிபெயர்ப்புகளை எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஆகவே தங்கைகளே, "எனக்கு ஊருக்குப் போகணும்" என்று கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தம்பிமார்களே, அதைக் கேட்டதும் அழைப்பு, அர்ப்பணிப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, குளிக்கக்கூட எழுந்திருக்க மனமில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். ராஞ்சியில் காங்கேயில் மத்திய மனநல மருத்துவமனை இருக்கிறது, வேலூர் இருக்கிறது. அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று மறைக்க வேண்டாம். மனைவிக்கு மருத்துவம் தேவை என்று எழுதுங்கள். கணவருக்கும் இதே நிலை வரலாம். அப்போது மனைவி எழுதட்டும்.

வருஷம் முடிந்து ஊருக்குப் போனதும்

சாட்சி சொல்லச் சொல்வார்கள். கன்வென்ஷன் பந்தலில் மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆறாத புண்ணை மேடையில் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "இப்போ சொல்ற நிலையில இல்ல, அடுத்த தடவை சொல்றேன்" என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிள்ளைகளை மேடையேற்றி அழவைக்கவே வேண்டாம். தட்ட முடியாமல் ஏறிவிட்டால், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள், இன்னும் சரியாகாததையும் சொல்லுங்கள், தாங்கினவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் கொடுத்தால் மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடுங்கள், பின்னால் அசனச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.